கதவு திறக்கிற கிழமைல ‘நான் ஏன் நாத்திகன்’ வாசிக்கிறது பிழையா?

கல்லாத்துப்புள்ள:
வணக்கம். எங்கட ஊர் மட்டக்களப்புப் பக்கம் கல்லாறு. கூட வேல செய்ற அக்கா ஒராள் பகத்சிங் எழுதின ‘நான் ஏன் நாத்திகன்’ தந்தவ. சின்னப் புத்தகம்தானே எண்டு ராவு தொடங்கினனான். எல்லாம் வல்ல கடவுள் எண்டா உலகத்துல இவ்வளவு துன்பம் ஏன் எண்டு அவர் கேக்கிற இடத்துல மூடி வச்சிட்டு அழுதிட்டன். 2004 சுனாமில என்ட தம்பி போனவன், நாலு வயசு, அண்டைக்கு நானும் அம்மாட்ட இதைத்தான் கேட்டனான், அவ பதில் சொல்லல்ல.

கண்ணகை அம்மன் கோயில்ல வருசச் சடங்குக்குக் கதவு திறக்க ஒரு கிழமைதான் இரிக்கி, வீடு வாசல் கழுவி மீன் இறைச்சி எல்லாம் நிப்பாட்டியாச்சு, இந்த நேரம் பாத்து தலகாணிக்குக் கீழ அம்மா புத்தகத்தைக் கண்டிட்டா. ஏசவுமில்ல, என்னோட கதைக்கிறாவுமில்ல. வாசிச்சு முடிக்கவா திருப்பிக் குடுக்கவா? முடிச்சிட்டு அம்மாவோட கோயிலுக்குப் போய் நிண்டா அது பொய்யா?

வாவிக்கரையான்:
தங்கச்சி, சடங்கு முடியட்டும், மறுகா வாசிங்க. புத்தகம் எங்கயும் ஓடாது. பெத்த மனசு நோகக் கூடாது.

பழைய வாத்தியார்:
மகள், நான் ஒத்துக்கொள்ள மாட்டன், வாசிச்சு முடிங்க. அது கோயில்காரரப் பழிக்க எழுதினதில்ல. 1930ல லாகூர் சிறைல, தூக்குத் தண்டனை வரும் எண்டு தெரிஞ்சு கொண்டே எழுதினது, இவனுக்குத் தலைக்கனம் அதான் கடவுள் இல்ல எண்டுறான் எண்டு சொன்ன ஆக்களுக்குப் பதில். அதுக்குள்ளயே அவர் சொல்லுறார், நம்பிக்கை மனிசனுக்குப் பெரிய ஆறுதல், அது இல்லாட்டி சொந்தக் கால்ல நிக்கோணும், அது லேசில்ல எண்டு. உங்கட அம்மா இத்தின வருசமா எதைப் புடிச்சுக்கொண்டு இருந்தா எண்டு அவருக்கு விளங்கியிருக்கு. அந்தப் பக்கத்தை ஆறுதலா ரெண்டு தரம் வாசிங்க. தமிழ்ல மொழிபெயர்த்த ஜீவானந்தத்தை வெள்ளைக்காரன் மறியல்ல போட்டவன், நீங்க ஏன் தலகாணிக்குக் கீழ ஒளிக்கிறீங்க? அம்மாவோட கோயிலுக்குப் போறது பொய்யில்ல. அம்மாக்காகப் போறீங்க, அது உண்மைதானே.

மருதமுனை வாசகி:
எங்கட உம்மாவும் கடல்ல ரெண்டு புள்ளைகளக் குடுத்தவதான் தங்கச்சி. அல்லாஹ்ட நாட்டம் எண்டுதான் சொல்லுவா, ஆனா ஒவ்வொரு டிசம்பர் 26க்கும் கடக்கரைக்கு வரமாட்டா. அவங்களுக்குக் கேள்வி இல்ல எண்டு நினைக்காதீங்க, சொல்லாம வச்சிரிக்காங்க. நான் ஈமானுள்ளவ, அந்தப் புத்தகத்தோட உடன்பாடில்ல, எண்டாலும் உம்மாவோட ஒருநாள் இருந்து கதைக்காம விட்டது எனக்கு இப்பவும் நோகுது. நீங்க கதைங்க.

கல்லாத்துப்புள்ள:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராவு குசினில அம்மா தேங்காய் துருவக்குள்ள பக்கத்துல இருந்து வாத்தியார் சொன்ன பக்கத்தைச் சத்தமா வாசிச்சன். நிப்பாட்டச் சொல்லல்ல. முடிஞ்சதும் “இந்தப் பொடியனுக்கு எத்தின வயசு?” எண்டு கேட்டா. தூக்குல போடக்குள்ள 23 எண்டன். துருவின கையை அப்பிடியே வச்சிட்டு, “பெத்தவ என்னெண்டு தாங்கினாளோ” எண்டா. மறுகா தம்பிட கதைய எடுத்தா, அவன்ட சிவப்புச் செருப்பு, அவன் கடைசியாக் கேட்ட சீனிப் பணியாரம், இவ்வளவு வருசத்துல எனக்குச் சொல்லாத கதையெல்லாம் விடியச் சாமம் வரைக்கும் சொன்னா. புத்தகம் இப்ப மேசைக்கு மேல கிடக்கு. இன்னும் பத்துப் பக்கம் இரிக்கி.