பிள்ளைகள் எடுக்கும் புத்தகத்தில் நாம் எவ்வளவு தலையிடலாம்?

பறக்கை அப்பா:
ஒன்பதாம் வகுப்பு மகள் நாகர்கோவில் மாவட்ட நூலகத்தில் தானே பார்த்து சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ எடுத்தாள். பள்ளி விமர்சனத்தில், "மரம் சும்மாதான் நிற்கிறது, நம்மைப் பிடித்து உட்கார வைப்பது அதன் பழங்கதைகளைச் சொல்லும் தாமோதர ஆசான்தான். அவர் போனபிறகு விறுவிறுப்பு குறைகிறது" என்று எழுதினாள். வயதுக்கு மீறிய நாவல், கருத்தும் தவறு என்று மாற்றி எழுதச் சொல்லிவிட்டார்கள். சரியா இது?

மார்த்தாண்டம் டீச்சர்:
நான் பள்ளி பக்கம்தான். 1966இல் வந்த அந்த நாவலின் கனமே பின்பாதிதான். கடைக்காரர்களின் போட்டி, நகராட்சி அரசியல், கடைசியில் பட்டுப்போகும் மரம். ஆசானோடு நின்றுவிட்டால் பாதி கைநழுவிவிடும். வழிகாட்டத்தானே நாங்கள் இருக்கிறோம்?

குளச்சல்காரன்:
டீச்சர், ஆசான் வாயால்தான் அந்த மரத்துக்கே உயிர் வருகிறது. பிள்ளை அதைப் பிடித்துவிட்டாளே! நோட்ஸில் இருப்பதை ஒப்பித்திருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும், இல்லையா? நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931லேயே எழுதிவிட்டார்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்.

மார்த்தாண்டம் டீச்சர்:
‘அவருக்கான’ என்பதைக் கவனியுங்கள். வாசகருக்குத் துணைநின்று நூலைக் காட்டித் தருவது நூலகரின் வேலை என்றவரும் அதே ரங்கநாதன்தான்.

குளச்சல்காரன்:
காட்டித் தாருங்கள், வேண்டாமென்று யார் சொன்னார்? எழுதியதை ஏன் அழிக்கச் சொல்ல வேண்டும்?

தக்கலை அண்ணாச்சி:
சலூனில் கிடந்த துப்பறியும் நாவலில் தொடங்கியவன் நான். முதல் பக்கம் கிழிந்தே இருக்கும். யாரும் கேட்கவில்லை, கெட்டும் போகவில்லை. (வீட்டில் விசாரிக்க வேண்டாம்.)

மார்த்தாண்டம் டீச்சர்:
அண்ணாச்சி, அந்தக் காலம் வேறு. ஆனால் அழித்து எழுதச் சொன்னது எனக்கும் ஒப்பவில்லை. நானாக இருந்தால், விறுவிறுப்பு எந்த இடத்தில் குறைகிறது, பக்கத்தைக் காட்டு என்று கேட்டிருப்பேன்.

பறக்கை அப்பா:
கேட்டேன் டீச்சர். மூன்று இடத்தில் பென்சில் கோடு போட்டிருக்கிறாள், நூலகப் புத்தகத்தில்! அதற்குத் திட்டினேன். இப்போது ‘சாய்வு நாற்காலி’ எடுத்து வந்திருக்கிறாள்.

மார்த்தாண்டம் டீச்சர்:
தோப்பில் மீரானுக்கு 1997இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்தது. நல்ல நாவல்தான், ஆனால் முஸ்தபாக்கண்ணு வீட்டுப் பெண்கள் படும் பாடு லேசானதில்லை. பிடுங்க வேண்டாம், நீங்களும் கூடவே படியுங்கள்.

பறக்கை அப்பா:
அவள் முடித்தால்தான் எனக்குத் தருவாளாம். அதுவரை கதையைச் சொல்லிவிடாதீர்கள்.