பொம்பெய் ரொட்டி: மாவு ஒழுகுகிறது, புளிப்பும் தாங்கவில்லை. உதவுங்கள்

கேள்வி:
கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெய் என்ற ரோமானிய நகரில் கரிந்து, உருக்குலையாமல் கிடைத்த வட்ட ரொட்டி இருக்கிறதே, மேலே எட்டுத் துண்டாகக் கோடு போட்டது, அதைச் செய்ய முயல்கிறேன். ஈஸ்ட் சேர்க்கவில்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிற மாதிரி, மூன்று நாள் புளித்த திராட்சைச் சாற்றில் கோதுமைத் தவிட்டைப் பிசைந்து, வெயிலில் காயவைத்த வில்லையில்தான் ஸ்டார்ட்டர் (ரொட்டியைப் பொங்கவைக்கும் புளித்த மாவு) தொடங்கினேன். நன்றாகப் பொங்குகிறது. ஆனால் ஆட்டா மாவில் இரவு பிசைந்து வைத்தால் காலையில் கூழாகிவிடுகிறது. ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) வைத்ததும் அடை போலப் பரவுகிறது. சமையலறையில் 32 டிகிரி. வில்லைதான் காரணமா?

பதில்:
வில்லையைச் சந்தேகப்பட வேண்டாம். ஸ்டார்ட்டருக்குத் தொடர்ந்து மாவு போட்டு வந்தால், கொஞ்ச நாளில் அந்த மாவில் வரும் நுண்ணுயிர்களே ஆட்சிக்கு வந்துவிடும், திராட்சை பெயருக்குத்தான். பிளினியே அதே இடத்தில் சொல்கிறார்: தன் காலத்தில் பெரும்பாலும் முந்தின நாள் மாவில் கொஞ்சம் எடுத்துவைத்துத்தான் புளிக்கவைத்தார்கள் என்று. நீங்களும் அப்படியே செய்யலாம்.

இன்னொரு பதில்:
உங்கள் பிரச்சினை நேரம். 32 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் புளிப்பு எல்லை மீறும். புளிப்பு ஏற ஏற, கோதுமையிலேயே உள்ள புரதத்தை உடைக்கும் நொதிகள் வேகமெடுத்து, மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரத வலையை அறுத்துவிடும். அதனால்தான் ஒழுகுகிறது. அந்த நிலைக்குப் போனபின் எவ்வளவு பிசைந்தாலும் மீளாது, தோசைக்கல்லில் ஊற்றிச் சாப்பிட்டுவிடுங்கள்.

ஸ்டார்ட்டரைக் கெட்டியாக வையுங்கள், 100 கிராம் மாவுக்கு 50 கிராம் தண்ணீர். புளிப்பு மெதுவாகும். ரொட்டிக்கு 500 கிராம் ஆட்டா, 325 கிராம் தண்ணீர், 75 கிராம் ஸ்டார்ட்டர், 10 கிராம் உப்பு. உப்பைக் குறைக்காதீர்கள், அதுவும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். காலையில் பிசையுங்கள். மணி பார்க்காமல் மாவைப் பாருங்கள், ஒன்றரை மடங்கு ஆனதும் உருட்டிவிட வேண்டும்.

கேட்டவர்:
நன்றி அக்கா, இப்போது உருண்டையாக நிற்கிறது! புளிப்பும் அளவாக இருக்கிறது. ஆனால் கத்தியால் கீறிய எட்டுக் கோடும் வேகும்போது மூடிக்கொள்கின்றன.

பதில்:
கீற வேண்டாம் தம்பி. மெல்லிய மரக்குச்சியை மாவு தடவி, அடிவரை அழுத்துங்கள், அடுப்பில் வைப்பதற்குச் சற்று முன்னால். அந்தப் பழைய ரொட்டியின் பக்கவாட்டில் சுற்றி ஓடும் பள்ளத்துக்கு நூல் கட்டியிருப்பார்கள் என்பது பலருடைய கருத்து. பருத்தி நூலை நனைத்துக் கட்டிப் பாருங்கள். பொம்பெய்க்காரர்கள் செங்கல் அடுப்புக்குள்ளேயே விறகெரித்து, தணலை வாரிவிட்டுச் சூடான தரையில் சுட்டார்கள். ஓடிஜியில் அந்த அடிச்சூடு கிடைக்காது. கனமான இரும்புச் சட்டியை 230 டிகிரியில் அரைமணி நேரம் காயவிட்டு, அதில் வைத்து 20 நிமிடம் மூடியும் 20 நிமிடம் திறந்தும் சுடுங்கள்.

அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊர் ஹெர்குலேனியத்தில் கிடைத்த ரொட்டி ஒன்றில், குயின்டுஸ் கிரானியுஸ் வேருஸின் அடிமை கேலெர் என்று முத்திரை இருக்கிறது. அச்சு குத்துவதாக இருந்தால் அதையும் சுடுவதற்கு முன்பே குத்திவிடுங்கள்.