சோலோவில் வாங்கிய கெரிஸ்: கத்தி எந்தக் காலம், உறை எந்தக் காலம்?

கப்பல்துறை எழுதியது:
வணக்கம். எனக்கு வேலை இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் சுரபாயாவில். போன மாசம் சோலோ போனப்ப ஒரு பழம்பொருள் கடையில் கெரிஸ் (ஜாவாக்காரங்க குறுவாள்) ஒண்ணு வாங்கினேன். 35 லட்சம் ரூப்பியா, நம்ம காசுக்கு 18 ஆயிரம் பக்கம். மஜபாஹித்ங்கற பழைய ஜாவாப் பேரரசு காலத்துச் சரக்கு, 600 வருஷம்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. சான்றிதழ் வேற கொடுத்தார். கத்தி 36 செ.மீ., 12 வளைவு. கறுத்த இரும்பில் அரிசி சிந்தினாப்ல வெள்ளிப் புள்ளிகள். உறையின் தலை படகு மாதிரி, மரத்தில் கருந்திட்டுகள். கீழே பித்தளைக் கவசம், முன்பக்கம் நீளவாக்கில் பிளந்திருக்கு. வயசைக் கண்டுபிடிக்க வழி உண்டா? எலுமிச்சை போட்டுத் தேய்க்கலாமா?

பழையஇரும்பு எழுதியது:
முதல்ல எலுமிச்சையைக் கீழ வைங்க. அந்தக் கறுப்பும் வெள்ளையும் தெரியறதே பாஷாணத்தாலதான். எலுமிச்சைச் சாற்றில் பாஷாணம் கலந்து பூசுவாங்க, வாராங்கான்னு பேரு. இரும்பு கறுக்கும், நிக்கல் கலந்த இடம் வெளுப்பா நிக்கும். நீங்க வெறும் எலுமிச்சையைத் தேய்ச்சா கறுப்பு போயிடும். தொட்டபிறகு கையைக் கழுவுங்க.

நான் நூற்பாலைக்காரன். ஒன்பது வருஷம் சோலோவில் குடித்தனம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ம்ராங்கி, அதாவது உறை செய்யறவர். (கத்தி அடிக்கிற எம்பு வேற ஆள்.) அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: கத்திக்கு ஒரு வயசு, உறைக்கு ஒரு வயசு, பிடிக்கு ஒரு வயசு. உறையை அங்கே கத்தியோட உடுப்புன்னே சொல்றாங்க. தாத்தா உடம்புக்குப் பேரன் சட்டை போட்டாப்ல பழைய கத்திக்குப் புது உறை போடறது சாதாரணம், அதில் மோசடி ஒண்ணும் இல்லை. சட்டையைக் காட்டி உடம்புக்கு வயசு சொன்னாத்தான் மோசடி.

படகுத் தலை உறை சோலோ பாணின்னா லாட்ராங், யோக்யகர்த்தா பாணின்னா ப்ராங்கா. ப்ராங்கா கொஞ்சம் அடக்கமா இருக்கும். ஜாவாவின் மத்தாராம் அரசு 1755-ல கியாந்தி உடன்படிக்கையில்தான் சோலோ, யோக்யகர்த்தான்னு ரெண்டாச்சு. அதுக்கு முன்னாடி யோக்யகர்த்தா அரண்மனையே கிடையாது, அப்புறம் எங்கிருந்து அதன் பாணி உறை? உங்க உறை இதில் எதுவானாலும் மஜபாஹித்தோட சேராது. கத்தி சேரலாம், அது தனி விசாரணை.

இப்ப கத்தியை உருவுங்க. கத்தியின் அடியில் தனியா ஒரு இரும்புத் துண்டு குறுக்கே உட்கார்ந்திருக்கும். எழுத்தில் கஞ்சா, சிரிக்காதீங்க, ஜாவாக்காரங்க வாயில் அது கொஞ்சோ. உறையின் வாய்க்குள் அது மரத்தோட ஒட்டி உட்காரணும். தீக்குச்சி நுழையற இடைவெளி இருந்தா அந்த உறை வேற கத்திக்கு வெட்டினது. உறையின் வாயில் டார்ச் அடிச்சுப் பாருங்க: வெளியே பழுப்பேறி, உள்ளே நேத்து வெட்டினாப்ல வெளுத்திருந்தா அதுவும் ஒரு சேதி. கருந்திட்டுகள் திமோஹோ மரத்தில் இயல்பாவே வரும், அதுக்குத் தனி விலை. அதனாலயே சாதா மரத்தில் மையால வரையறவங்களும் உண்டு. நிஜத் திட்டு உள்ளுக்குள் இறங்கியிருக்கும். வரைஞ்சது மேலோட நின்னுடும்.

12 வளைவுன்னு எழுதியிருக்கீங்க. வராது. கெரிஸ் வளைவு எப்பவும் ஒற்றைப்படைதான். அடியிலிருக்கிற முதல் மேட்டை விட்டிருப்பீங்க. ரெண்டு ஓரத்தையும் மாத்தி மாத்தி எண்ணுங்க. 13 வந்து, அடியில் தும்பிக்கை மாதிரி ஒரு சுருளும் அதன்கீழ் சின்னதா ஒரு உதடும் இருந்தா அந்த வடிவத்துக்கு செங்கெலாத்னு பேரு. உதடு ரெண்டுன்னா பாருங்சாரி. அந்த உதட்டை லாம்பே கஜான்னு சொல்வாங்க, யானை உதடு. கஜம் நமக்குத் தெரிஞ்ச கஜம்தான். கெரிஸுக்கே இன்னொரு பேர் சூரிகா, நம்ம சுரிகை.

சிந்தின அரிசிப் புள்ளிகளுக்கு பெராஸ் வூத்தாஹ்னு பேரு, அர்த்தமும் அதேதான். கண்ணை மூடிக்கிட்டு நகத்தால் தடவுங்க. ஜாவாக் கத்தியில் அடுக்கு அடுக்கா அடிச்ச இரும்பு மேடுபள்ளமா தட்டுப்படும். மழமழன்னு இருந்து, வெள்ளை மட்டும் புது எவர்சில்வர் மாதிரி பளீர்னா இந்தக் காலத்து நிக்கல்னு சந்தேகப்படுங்க. ஆனா பாலியிலிருந்து வந்த கத்தியை மழமழப்பா மெருகேத்தறது அவங்க வழக்கம். அதை வச்சு அவசரப்பட்டுப் போலின்னுடாதீங்க.

வயசை உத்தேசிக்கிற கலைக்கு தங்குஹ்னு பேரு, அந்தச் சொல்லுக்கே உத்தேசம்னுதான் பொருள். இரும்பின் நிறம், கனம், அடித்துண்டின் சாய்வு எல்லாம் பார்த்து மஜபாஹித், மத்தாராம், சோலோன்னு வகை பிரிப்பாங்க. 1945-க்கு அப்புறம் அடிச்சது கமர்டிக்கான், சுதந்திரத்துக்குப் பிந்தினது. கத்தியிலேயே ஆண்டு பொறிச்சது அபூர்வம். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிற க்னாவுட் கெரிஸில் சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342 இருக்கு. அதனாலதான் அதுக்கு அவ்வளவு பேச்சு.

பினாங்குக்காரன் எழுதியது:
பிடியையும் பாருங்க அண்ணே. எங்க பக்கம் தலை குனிஞ்சு, கையைக் கட்டிக்கிட்டுக் குளிர்ல நடுங்குற ஆள் மாதிரி பிடி இருக்கும். ஜாவா டெமாம்னு பேரு, காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன்! அது ஜாவா உறையோட வந்தா கடைக்காரர் ஒட்டுப்போட்டிருக்கார். பிடியை இழுத்துப் பிடுங்காதீங்க. உள்ளே துணி சுத்திச் செருகியிருப்பாங்க, மெல்லத் திருகிக் கழட்டணும்.

கப்பல்துறை எழுதியது:
எண்ணினேன், 13. தும்பிக்கை இருக்கு, உதடு ஒண்ணு. நகத்துக்கு நல்லா தட்டுப்படுது. பிடி ஜாவா பிடிதான். ஆனா உறைவாயில் ஒரு பக்கம் என் சுண்டுவிரல் நகமே நுழையுது, உள்ளே மரம் புதுசா வெட்டின வெள்ளை. கருந்திட்டில் ஈரத்துணி வச்சேன், துணியில் பழுப்பு ஒட்டிக்கிச்சு.

பழையஇரும்பு எழுதியது:
அப்ப உறை போன வருஷத்துது. கத்தி அப்படி இல்லை போல, 18 ஆயிரத்துக்கு அழ வேண்டாம். அடுத்த தடவை சோலோ போனா கத்தியை மட்டும் ஒரு ம்ராங்கிகிட்ட கொண்டுபோய் அளவெடுத்துப் புது உறை செய்யச் சொல்லுங்க.

கப்பல்துறை எழுதியது:
சரிங்க. அந்தச் சான்றிதழை என்ன பண்ண?

பழையஇரும்பு எழுதியது:
பத்திரமா வைங்க. தேதி போட்ட சாமான் அது ஒண்ணுதான்.