பலடின் சிறைக் கதவைத் திறந்த இரவு: அலைன்மென்ட் பற்றிய எங்கள் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதையாக விளையாடுகிற விளையாட்டு. ஒரு பாத்திரம் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதா (லோஃபுல்), கட்டுப்படாததா (கேயாட்டிக்), நல்லதா (குட்), கெட்டதா (ஈவில்), நடுவா (நியூட்ரல்) என்று சொல்வதுதான் அலைன்மென்ட். விளையாடும்போது, ஒரு பாத்திரத்தின் அலைன்மென்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டி வந்த நேரங்களை எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். பிழை என் பக்கம்.

2022 சித்திரை. கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் கூட. பெற்றோலும் இல்லாததால் எல்லோரும் சைக்கிளில் வந்தார்கள். முன் விறாந்தையில் பாய் விரித்து, நடுவில் அரிக்கன் லாம்பை வைத்து விளையாடினோம். நான் டிஎம், கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்கிறவன். சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை, அவன்தான் பலடின், சத்தியம் எடுத்துக்கொண்ட புனித வீரன். லோஃபுல் குட் என்று பாத்திர விவரம் எழுதுகிற ஷீட்டில் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தான்.

கதையில் ஒரு கொள்ளைக்காரன் வருவான். காட்டுக்குள் அவனை மறித்து, "வாளைக் கீழ போடு, உன்ர உயிருக்கு நான் பொறுப்பு" என்றான் பலடின். அவனும் போட்டான். ஊருக்குக் கொண்டுவந்தால், விசாரணை ஒன்றும் இல்லாமல் விடியத் தூக்கில் போடச் சொல்லிவிட்டார் பிரபு. அன்றிரவே பலடின் சிறைக் கதவைத் திறந்துவிட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "பிரபுவின்ர கட்டளையை மீறிட்டாய், அது லோஃபுல் இல்லை. உன்ர சக்தி எல்லாம் போச்சு" என்றேன். அவன் சண்டை பிடிக்கவில்லை. ஷீட்டில் ஸ்பெல், அதாவது மந்திரங்கள், எழுதியிருந்த இடத்தை அழிறப்பரால் வரிவரியாக அழித்தான். தூசை லாம்பில் படாமல் அந்தப்பக்கம் ஊதினான். "அப்ப நான் குடுத்த வாக்கு என்ன அண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த கிழமை வரவில்லை.

பிறகுதான் பழைய விதிகளைத் தேடி ஒழுங்காக வாசித்தேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்றே மூன்று வகைதான்: லோ, நியூட்ரல், கேயாஸ். குட், ஈவில் என்ற இரண்டாவது கோடு பின்னால்தான் வந்தது. இரண்டு கோடும் சேர்ந்த ஒன்பது கட்டமும் 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் வருகிறது. பலடின் பிழை விட்டால் சக்தி போகும் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் அங்கேகூட இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். தெரிந்தே கேயாட்டிக் காரியம் செய்தால், ஏழாம் லெவலுக்குக் குறையாத ஒரு லோஃபுல் குட் கிளெரிக்கிடம் (கடவுள் சக்தியுள்ள குரு) போய் ஒப்புக்கொண்டு, அவர் சொல்கிற பிராயச்சித்தத்தைச் செய்ய வேண்டும். தெரிந்து, மனமொப்பித் தீமை செய்தால்தான் மீளவே முடியாது. அந்தக் கடும் விதியில்கூட என் தீர்ப்புக்கு இடமில்லை.

இன்னுமொன்று. நாங்கள் விளையாடியதோ 2014 விதிப்படி. அதில் பலடினுக்கு எந்த அலைன்மென்டும் இருக்கலாம். அவனைக் கட்டுவது அவன் எடுத்த சத்தியம். தம்பி அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான், அதற்கு நான் தண்டனை கொடுத்திருக்கிறேன்.

லோ என்றதும் அதிகாரி, முத்திரை, கட்டளை என்றுதான் என் மனம் போயிருக்கிறது. கொடுத்த சொல்லால் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறவனும் லோஃபுல்தான் என்று எனக்கு விளங்க ஒரு தம்பியின் மனம் நோக வேண்டியிருந்தது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கிண்ணியாவிலிருந்து

தம்பி, நான் அந்தப் பொடியனுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தவன்.

என்னுடைய பாத்திரம் ரோக், அதாவது கள்ளன்; அலைன்மென்ட் கேயாட்டிக் நியூட்ரல். அதை அனுமதிச்சீட்டு மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் மற்றவர்கள் காவலுக்கு நிற்க, கிளெரிக்கின் பையிலிருந்து ஹீலிங் போஷனைத் திருடி விற்றுவிட்டேன். ஏன் என்று கேட்டால், "என்ட ஆள் அப்படித்தான் செய்வான்." இரண்டு சண்டைக்குப் பிறகு, கிளெரிக் ஆற்றைக் கடக்கிற இடத்தில் விழுந்துவிட்டாள். பையில் கை வைத்தால் வெறும் பை. அந்தக் கிளெரிக்கை ஆடினது என் ராத்தாவின் மகள், பதினாலு வயசு. ஒன்றும் பேசவில்லை. டைஸைச் சின்னப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கட்டினாள்.

அண்டைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கினது. அலைன்மென்ட், பாத்திரம் முன்னால் செய்ததைப் பார்த்து எழுதுகிற பெயர். இனிச் செய்யப்போவதற்கு அதைச் சாட்டாகச் சொல்ல ஏலாது. நம்பிக் கூட நின்றவர்களின் மருந்தை விற்கிறவன் நியூட்ரல் இல்லை. நானே ஷீட்டில் வெட்டிவிட்டு ஈவில் என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பாத்திரத்துக்குக் கதையே வந்தது. களவெடுத்த காசைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு ஆறு மாத விளையாட்டு எடுத்தது.

2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமை மருமகளோடு சேர்ந்து விளையாடினேன். அதில் உங்கட பாத்திரத்துக்கு அலைன்மென்ட் கட்டமே இல்லை. ஆனால் பலடின் சத்தியத்தை முறித்தால், கவசம் போட்ட ஒரு ஆள் முகாமுக்கே வந்து அதைப் பற்றிக் கதைப்பார். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. பெயரை எடுத்துவிட்டு, செய்ததை மட்டும் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

நிலாவெளியிலிருந்து

நான் படிப்பிக்கிற பிள்ளைகள் ஆறு பேரோடு விடுமுறையில் விளையாடுகிறேன். போன வருடம் அவர்களைக் கோணேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனேன். கோட்டை வாசல் தாண்டி நடக்கும்போது ஒரு மான் வந்து, ஒரு பிள்ளையின் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு கவ்விக்கொண்டு போனது. "டீச்சர், இது கேயாட்டிக் ஈவில்!" என்று கத்தினாள். நன்மை தீமை யோசிக்கத் தெரியாத மிருகங்களை 2014 புத்தகம் அன்அலைன்ட், அதாவது அலைன்மென்ட் இல்லாதவை, என்கிறது என்று சொன்னேன். சமாதானமானாள், பழம் போன கவலை மட்டும் போகவில்லை.

இராவணன் வெட்டடியில் நின்று கீழே கடலைப் பார்த்தபோதுதான் பெரிய வாக்குவாதம் தொடங்கியது. அம்மா கும்பிட வேண்டும் என்று மலையையே வெட்டினவர், ஆகவே குட் என்றான் ஒருவன். அம்மாவின் கடைசிக் கிரியைக்காக வாளால் குத்தி கன்னியாவில் ஏழு கிணறு உண்டாக்கினவர், கடமை தவறாதவர், ஆகவே லோஃபுல் என்றாள் இன்னொருத்தி. "அப்ப சீதையைக் கொண்டுவந்தது?" என்று மூன்றாவது பிள்ளை கேட்டதும் எல்லோரும் பேசாமல் நின்றார்கள்.

நான் அவரை விட்டுவிட்டுத் தம்பிமார் இரண்டு பேரையும் பற்றிக் கேட்டேன். அண்ணன் செய்தது பிழை என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதை முகத்துக்கு நேரே சொன்னவர்கள். விபீடணன் விட்டுவிட்டுப் போனான். கும்பகர்ணன் சோறு போட்ட கையை விடமாட்டேன் என்று நின்று செத்தான். யார் லோஃபுல், யார் குட்? பஸ் நிலாவெளி வந்து சேரும் வரை பிள்ளைகள் அதையே கதைத்தார்கள். கும்பகர்ணனுக்காகக் கதைத்த பிள்ளை இறங்கும்போது கண் கலங்கியிருந்தாள். என் மனம் விபீடணன் பக்கம்தான். ஆனாலும் அவளோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை.

தம்பி, உங்கட பலடின் திரும்ப வந்தானா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

உவர்மலையிலிருந்து

வந்தான் டீச்சர். நான் வீட்டுக்கே போய், சின்னம்மா தந்த பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே, ஒரு புது ஷீட்டில் அவனுடைய ஸ்பெல் எல்லாவற்றையும் பேனையால் எழுதிக் கொடுத்தேன். சிறை உடைத்த குற்றத்தையும் கதையிலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணா, அது நான் செய்தனான்தானே" என்றான். பிரபுவின் ஆட்கள் இன்னும் அவனைத் தேடுகிறார்கள். அந்தக் கொள்ளைக்காரன் இப்போது தம்பியின் குழுவோடுதான், குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறான்.