சீட்டுக் கழிவைப் பங்கு போடும்போது மிஞ்சுகிற ரூபாயை என்ன செய்கிறீர்கள்?

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து போடும் ஏலச்சீட்டுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். 18 பேர், ஆளுக்கு மாதம் 5,000, மொத்தம் 90,000. ஒருவர் 20,000 தள்ளி எடுத்தால், அதாவது அவ்வளவு விட்டுக்கொடுத்து மீதி 70,000 மட்டும் வாங்கினால், அந்த 20,000 எல்லோருக்கும் சமமாகக் கழிய வேண்டும், எடுத்தவரையும் சேர்த்துத்தான். வகுத்தால் 1,111 ரூபாய் 11 பைசா, அப்புறமும் முடியாமல் ஓடும். பைசாவை விட்டுவிட்டால் ஆளுக்கு 3,889, ஆனால் யாரும் அப்படிச் சில்லறை பொறுக்கிக்கொண்டு வர மாட்டார்கள், "ரவுண்டா சொல்லுங்கக்கா" என்பார்கள்.

சரி என்று கழிவை 1,110 ஆக்கினால் ஆளுக்கு 3,890, வசூல் 70,020. எடுத்தவருக்கு 70,000 கொடுத்தது போக 20 ரூபாய் நிற்கும். தாராளமாக 1,115 கழித்தாலோ வசூல் 69,930தான், 70 ரூபாய் துண்டு விழும், அது சீட்டெடுத்தவர் தலையில் போய் விடிகிறது. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணமோ மருத்துவச் செலவோ இருக்கிறவர்தான் அவ்வளவு தள்ளி எடுக்கிறார், ஏற்கெனவே 20,000 விட்டவரிடம் இன்னும் 70 ரூபாய் பிடிப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் எங்களிடம் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் முழுமையாக்குவது.

முன்பு நான் கட்டிவந்த வேறொரு சீட்டில் மிச்சத்தை எங்கேயும் எழுதவே மாட்டார்கள். தொகை சின்னதுதான், ஆனால் கேட்டால் முகம் மாறும், கேட்காவிட்டால் நமக்கு உறுத்தும். இப்போது என் நோட்டில் ‘மிச்சம்’ என்று தனிப் பத்தி வைத்திருக்கிறேன், அந்த மாதம் நின்ற 20 ரூபாய் அடுத்த மாதத் தள்ளோடு சேர்ந்துவிடும், கூட்டம் கலைவதற்கு முன் சத்தமாகப் படித்தும் காட்டிவிடுவேன்.

இதைவிட நல்ல வழியை எங்கள் சீட்டிலேயே ஒரு டெய்லர் அக்கா சொன்னார். ஏலம் 900, 900 ஆகத்தான் ஏற வேண்டும். 900ஐ 18 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சரியாக 50. 19,800 தள்ளினால் கழிவு 1,100, அதற்கு மேல் ஒருவர் 20,700 கேட்டால் 1,150. மீதியே விழாது, கட்ட வேண்டிய தொகை 3,900, 3,850 என்று நோட்டாகவே வரும். உங்கள் சீட்டில் 20 பேர் என்றால் 1,000 படியாக வையுங்கள், 15 பேர் என்றால் 750.

*

அக்கா, நான் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன், எங்களுக்கும் இதே தலைவலி பைசாவில் வரும். 905 ரூபாய் சரக்குக்கு 5 சதவீத வரி 45.25. மத்திய வரி பாதி, மாநில வரி பாதி என்று பிரித்தால் 22.625. இரண்டையும் 22.63 என்று எழுதினால் கூட்டுத்தொகை 45.26, ஒரு பைசா கூடிவிட்டது! புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைத் தேடிப் பாதி நாளைத் தொலைப்பார்கள். மொத்தத்தைப் போட்டுவிட்டுப் பிரிக்காதே, இரண்டு வரியையும் 2.5 சதவீதமாகத் தனித்தனியே போட்டு அதைக் கூட்டு, பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று ஒரு வரி விடு என்றுதான் நான் சொல்லிக் கொடுப்பது. ஒரு பைசாவானாலும் தனி வரியில் கண்ணுக்குத் தெரிந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

*

நாங்கள் குழுவில் வட்டியில்லாமல் 20,000 கொடுத்து 6 தவணையில் வாங்குவோம். ஐந்து மாதம் 3,340, கடைசி மாதம் 3,300. கடைசித் தவணை குறைவாக இருப்பது வாங்கினவருக்கும் சந்தோஷம். அக்கா, உங்கள் சீட்டில் கடைசி மாதம் தள்ளே கிடையாதே, அப்போது மிச்சப் பத்தியில் நிற்கிற காசு யாருக்கு?

*

கடைசிச் சீட்டு எடுப்பவருக்குத்தான் தம்பி. அத்தனை மாதம் பொறுத்திருந்தவர் அவர். சீட்டு தொடங்கும் நாளிலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி 18 பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டோம்.