வீல்சேர் வழங்கும் விழா: எங்கள் சங்கம் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கரிசல்மண் கேட்டது:

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரின் ரோட்டரி சங்கத்தில் இந்த ஆண்டு சமூகப் பணிகளுக்கான பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. தொழில் உரக்கடை. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று 20 பேருக்கு வீல்சேர் வழங்குவதாகக் கூட்டத்தில் முடிவு செய்தோம். உறுப்பினர்கள் பணம் தந்துவிட்டார்கள், மண்டபமும் பேசியாகிவிட்டது.

பட்டியல் எடுக்க வீடு வீடாகப் போனபோது ஒரு பெரியவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு வீல்சேர் நின்றது. ஏதோ ஓர் அமைப்பு கொடுத்ததாம். அதன் மேல் துவைத்த துணிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் கட்டிலில் படுத்திருந்தார். "உட்கார்ந்தால் சரிந்து சரிந்து விழுகிறேன் தம்பி, இதுவே தேவலை" என்றார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் முன்சக்கரம் கழன்ற வண்டி கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. நாங்கள் வாங்கப்போவதும் அதே மாதிரி வண்டிதான். கொடுத்த மறுமாதம் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? வீல்சேரை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்வது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

ஐயா, நான் வீல்சேரில் வாழ்பவன். தென்னையிலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் வீட்டு முற்றத்திலேயே வீல்சேர், மூன்று சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கிறேன். விழாவுக்கு முன்பே வீடு வீடாகப் போன உங்களுக்கு முதலில் என் வணக்கம். பெரும்பாலும் பட்டியல்தான் மண்டபத்துக்கு வரும், ஆளின் அளவு வராது.

அந்தப் பெரியவர் ஏன் சரிகிறார் என்று சொல்கிறேன். கடையில் கிடைக்கும் மடக்கு வண்டியின் இருக்கை பெரும்பாலும் 18 அங்குல அகலம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வார்டு வரை யாரை வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போக அது சரி. இடுப்பு 14 அங்குலம் உள்ள ஒருவர் நாள் முழுவதும் அதில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்வார், சாயச் சாய முதுகெலும்பு வளையும். சக்கரம் உடம்பிலிருந்து தள்ளி நிற்பதால் தானே உருட்டவும் கை எட்டாது. இருக்கையின் ஆழம் கூடுதலாக இருந்தால் விளிம்பு முழங்காலின் பின்புறம் குத்தும். குத்துவதைத் தவிர்க்க இடுப்பை முன்னுக்குத் தள்ளுவார், அப்படியே வழுக்கிக்கொண்டு வருவார். பெரியவர் சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

அளவெடுப்பது கடினமில்லை. கெட்டியான பெஞ்சில் முழங்கால் மடங்க நிமிர்த்தி உட்கார வையுங்கள். உட்கார முடியாதவரை ஒருவர் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ளட்டும். தையல்காரரின் டேப் போதும். இடுப்பின் அகலம்தான் இருக்கையின் அகலம். குளிருக்குக் கனத்த உடை போடும் ஊரா நம்முடையது, அதற்காகக் கூட்டி வைக்கத் தேவையில்லை. இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு மூன்று விரல் குறைத்தால் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தால், மெத்தையின் மேல்பக்கத்திலிருந்து அந்த அளவு கீழே கால்மிதியை வைக்க வேண்டும் என்பது தெரியும். மிதி உயர்ந்துவிட்டால் முழங்கால் மேலே தூக்கி, முழு எடையும் உட்காரும் எலும்பில் இறங்கும். தாழ்ந்துவிட்டால் கால் தொங்கும்.

அந்த எலும்பைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். உணர்வு உள்ளவர்கள் வலித்தால் தானாகவே நகர்ந்து உட்காருவார்கள். எங்களுக்கு வலி தெரியாது. வெறும் ரெக்ஸின் துணியில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் எலும்புக்கும் துணிக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று புண் வைக்கும். படுக்கைப்புண் என்று பெயர், ஆனால் எங்களில் பலருக்கு அது உட்கார்ந்தே வருகிறது. தோல் சிவக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கும், தொட்டால் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கும். அன்றே அந்த இடத்தில் எடை படாமல் படுத்துவிட்டால் தப்பிக்கலாம். விட்டால் குழி விழுந்து எலும்பு வரை போகும். என்னோடு சிகிச்சையில் இருந்தவர்களில் சிலர் விபத்திலிருந்து பிழைத்து, இந்தப் புண்ணில் போனார்கள். அதனால் உணர்வு இல்லாத ஒருவருக்கு மெத்தை இல்லாத வண்டியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மெத்தையோடு கையளவு கண்ணாடி ஒன்றையும் கொடுத்து, தினமும் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். அடிக்கடி முன்னால் குனிந்து எடையை மாற்றும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்தது வீடு. 18 அங்குல இருக்கை என்றால் வண்டியின் மொத்த அகலம் 25 அங்குலத்தைத் தொடும். நம் வீடுகளில் கக்கூஸ் கதவு அதைவிடக் குறுகல். வண்டி வந்தும் அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டும் தவழ்ந்தும்தான் போகிறோம். கதவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாசற்படியையும் பாருங்கள். உங்கள் பக்கம் கரிசல். மழை பெய்தால் சிறிய முன்சக்கரம் மண்ணை அள்ளிக்கொண்டு நின்றுவிடும். பெரிய முன்சக்கரமும் கெட்டி ரப்பரும் உள்ள வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பணத்தைப் பற்றி என் கருத்து வேறு. 20 வண்டிக்குப் பதில் 14 வாங்குங்கள். மிச்சத்தை மெத்தைக்கும் சாய்தளத்துக்கும் உதிரிப் பாகங்களுக்கும் வையுங்கள். என்னிடம் பழுதுக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு சின்னது: பேரிங் தேய்ந்தது, பிரேக் பிடிக்காதது, டியூப் பஞ்சர், கைப்பிடித் திருகு காணாமல் போனது. அதைச் சரிசெய்ய ஆள் இல்லாமல் வண்டி மூலைக்குப் போகிறது, கூடவே ஆளும் மூலைக்குப் போகிறார்.

உங்கள் சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கியபோதே ஆளுக்கொரு தொழில் என்றுதான் சேர்த்தார்கள். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் வெல்டிங் பட்டறைக்காரர், சைக்கிள் கடைக்காரர், மெத்தைக் கடைக்காரர், தச்சர், மருத்துவர், ஆடிட்டர் என்று யாராவது இருப்பார்கள். அவர்களுடைய காசோலையைவிட அவர்களுடைய கை எங்களுக்குப் பெரிது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடையைத் திறந்து வைத்து, ஊரிலுள்ள எல்லா வண்டிகளையும், யார் கொடுத்ததாக இருந்தாலும், சரிபார்த்துக் கொடுங்கள். கோழிக்கூண்டு வண்டியிலிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்று. வீல்சேர், மூன்று சக்கர வண்டி, ஊன்றுகோல், காதொலிக் கருவி எல்லாம் தகுதியுள்ளவர்களுக்கு அரசே இலவசமாகத் தருகிறது. மாநிலத் திட்டங்களும் உண்டு, உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில், அவற்றைத் தயாரிக்கும் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் பொருள்களும் உண்டு. கிடைக்காமல் போவது பெரும்பாலும் காகிதத்தால்தான். தனித்துவ அடையாள அட்டை இல்லை, குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்ற மருத்துவச் சான்று இல்லை, மருத்துவக் குழு உட்காரும் நாளில் மாவட்டத் தலைநகருக்குப் போக வண்டி இல்லை. உங்கள் உறுப்பினர் ஒருவர் காரில் அழைத்துப் போய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கூடவே இருந்து முடித்துக் கொடுத்தால், அது 20 வீல்சேருக்குச் சமம்.

சங்கரன்கோவில் அம்மா எழுதியது:

பொருநைக்கரை அண்ணன் சொன்னதோடு ஒரு தாயாக நானும் சொல்கிறேன். என் மகனுக்கு மூளை முடக்குவாதம். அவனுக்கு ஒரு சங்கத்தார் பெரியவர்கள் உட்காரும் வண்டியைக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் தலையணை வைத்து அடைத்தாலும் கழுத்து சாய்ந்துவிடும். சாய்ந்த நிலையில் சோறு ஊட்டினால் புரையேறும். புரையேறிய சோறு நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டி, மழைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரி வாசல்தான். இந்த முடக்குவாதக் குழந்தைகளுக்கென்றே தலையையும் மார்பையும் தாங்கும் சி.பி. சேர் என்று தனியாக இருக்கிறது. இயன்முறை மருத்துவர் பார்த்து அளவு சொல்லி, முன்னால் தட்டுப் பலகையோடு செய்து கொடுத்த பிறகு அவன் தலை நிமிர்ந்து சாப்பிடுகிறான். தட்டுப் பலகையில் தாளம் போடுகிறான். பட்டியலில் குழந்தைகள் இருந்தால் அவர்களைத் தனியாகப் பிரியுங்கள் ஐயா.

விழா மேடைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொன்னார்கள். படம் எடுக்கும் வரை தூக்கியபடியே நின்றேன். கூட்டத்தையும் வெளிச்சத்தையும் கண்டு அவன் விறைத்துவிட்டான். அதை இன்னொரு தாய்க்குச் செய்யாதீர்கள்.

என்னைப் போன்றவர்களுக்கு வேண்டியது வேறு ஒன்றும் இருக்கிறது. நான் ஒரு கல்யாணத்துக்கோ வங்கிக்கோ போக வேண்டுமென்றால் இவனை யாரிடம் விடுவது? உங்கள் சங்கத்துப் பெண்களில் இரண்டு பேர் அவனோடு பழகி, வாரத்தில் ஒரு மாலை மட்டும் பக்கத்தில் இருந்தால் அது எனக்குப் பெரிய உபகாரம். சங்கத்தில் வக்கீல் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: 18 வயது முடிந்ததும் இவனுக்காகக் கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். அதே அறக்கட்டளையில் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு. இதெல்லாம் எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் பலருக்குத் தெரியவே தெரியாது. ஓர் உட்கார்ந்து பேசும் கூட்டம் வைத்தால் போதும்.

கண்ணாடிக்காரர் எழுதியது:

நான் லயன்ஸ் சங்கத்துக்காரன். 1925இல் ஒஹாயோ மாநிலத்து சீடார் பாயின்ட் மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து பார்வையற்றோர் பணி எங்கள் சங்கங்களுக்கு முதன்மையானது. கண் முகாம் நடத்திப் பழகியதில் எனக்குப் புரிந்தது, அறுவை முடித்தவரை மறுபரிசோதனைக்கு அழைத்து வராவிட்டால் முகாம் பாதிதான். அதைப் போலவே வெள்ளைக்கோலைக் கொடுத்தால் மட்டும் போதாது. கோலை எப்படி வீசி நடப்பது, படியை எப்படி அறிவது என்று பயிற்சி தர ஆள் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. உங்கள் பட்டியலில் காதுகேளாதவர் இருந்தால் விழாவுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கட்டாயம் அழையுங்கள். இல்லாவிட்டால் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார்.

கரிசல்மண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே இதை அச்செடுத்துத் தலைவரிடம் படித்துக் காட்டினேன். எண்ணிக்கையைக் குறைக்க ஒப்புக்கொண்டார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர் சாய்தளங்களைத் தன் செலவிலேயே செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். சிக்கல் ஒன்றுதான். டிசம்பர் 3க்கு மண்டபம் பேசியாகிவிட்டது, அழைப்பிதழும் போய்விட்டது. அளவெடுத்து வண்டி வருவதற்கு நாள் ஆகும் என்கிறார்கள். அந்த நாளை என்ன செய்வது?

பொருநைக்கரை எழுதியது:

விழாவை ரத்து செய்ய வேண்டாம். அந்த நாளை அளவெடுக்கும் நாளாக்குங்கள். மேடை வேண்டாம், தரையிலேயே நடக்கட்டும். இயன்முறை மருத்துவர்கள் இரண்டு பேர், பெஞ்ச், டேப், பெண்களுக்குத் திரைபோட்ட தடுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் வீல்சேர் கொடுப்பதை ஒரே நாள் வேலையாகச் சொல்லவில்லை. ஆளைப் பார்ப்பது, அளவெடுப்பது, வண்டியைத் தயாரிப்பது, உட்கார வைத்துச் சரிசெய்வது, பழக்குவது, திரும்பிப் போய்ப் பார்ப்பது என்று வரிசை இருக்கிறது. வண்டிகள் வந்தபின் ஒவ்வொன்றாக அவரவர் வீட்டிலேயே போய்க் கொடுங்கள். அப்போதுதான் அந்த வண்டி அந்தக் கதவில் நுழைகிறதா என்பது தெரியும்.

மண்டபத்தை இன்றே போய்ப் பாருங்கள். வாசலில் படி இருந்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் போடுங்கள். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுபவர் கைவிட்டுவிடுவார். கழிப்பறைக்கு வண்டி போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எங்கள் பெண்கள் வெளியூர்க் கூட்டத்துக்கு வருவதென்றால் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே முழங்கால் நுழைய இடம் இருக்கட்டும்.

திட்டக் குழுவில் எங்களில் ஒருவரைச் சேருங்கள். உங்கள் ஊரிலேயே வீல்சேரில் கடை நடத்துபவரோ காலைத் தாங்கும் காலிப்பர் பட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போகும் ஆசிரியரோ இருப்பார். அவரைச் சங்கத்தின் உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டால், அடுத்த ஆண்டு இந்தக் கேள்விக்கு உங்கள் கூட்டத்திலேயே பதில் கிடைக்கும்.

டிசம்பருக்கு முன்னால் உறுப்பினர்கள் ஒருமுறை தென்காசி பக்கம் ஆய்க்குடிக்குப் போய் அமர் சேவா சங்கத்தைப் பார்த்து வாருங்கள். தண்டுவடம் அடிபட்டு வீல்சேரில் இருந்துகொண்டே எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. நம்மைப் போன்ற ஒரு கிராமத்தில் பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி எல்லாம் எப்படி நடக்கின்றன என்று நேரில் பார்த்தால் உங்கள் ஆட்களுக்கு நான் எழுதியதைவிட அதிகம் புரியும். நாள் முடிவானால் இங்கேயே சொல்லுங்கள், நானும் வருகிறேன். காரில் நானே ஏறிக்கொள்வேன். வண்டியை மடித்து டிக்கியில் வைக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும்.