தீமிதி ஒன்று, கோயில் மட்டும் இரண்டு: பேக்கப்பில் ஒரு குழப்பம்

கேள்வி (தாம்வே, யாங்கோன்):
வீட்டில் என்னுடையது விண்டோஸ், மனைவியிடம் 2012இல் வாங்கிய மேக்புக். மேசைக்கடியில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் பேக்கப்புக்காக உபுண்டு லினக்ஸ் போட்டு 1 டிபி டிஸ்க் மாட்டியிருக்கிறேன். விண்டோஸ், சாம்பா என்ற நெட்வொர்க் பகிர்வு வழியாக, ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையில் அனுப்பும். மேக், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலில் அனுப்பும். குடும்பப் படங்கள் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் ஒரே ஃபோல்டருக்கு விட்டேன். இப்போது ‘பீலிக்கான் கோயில் 2017’ இரண்டு இருக்கிறது! ‘பொங்கல்’ இரண்டு. ‘தீமிதி’ மட்டும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், வித்தியாசமே இல்லை. ஒரே டைரக்டரியில் ஒரே பெயர் எப்படி இரண்டு முறை வரும்? டிஸ்க்கும் நிரம்பப் போகிறது. நடுவில் கரண்ட் போனதால் கெட்டுவிட்டதோ?

பதில் 1 (மோல்மீன்):
கரண்ட் மேல் பழி போடாதீங்க அண்ணா. இரட்டித்த பெயர்களைப் பாருங்கள்: கோயில், பொங்கல். ஓகாரம், ஒகரம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் முதல் வகை. பழைய மேக்கின் ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் இப்படிப்பட்ட எல்லாவற்றையும் பிரித்துத்தான் வைக்கும். லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும், எழுத்தை அல்ல. அதற்கு இவை வேறு வேறு பெயர். ‘தீமிதி’யில் பிரிக்க ஒன்றுமில்லை.

மேக்கோடு வந்த ஆர்சிங்க் 2.6.9, அதில் இதைச் சரிசெய்ய வழியில்லை. மேக்கில் நிரல்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவில் 3ஆம் பதிப்பைப் போட்டு, பெயரின் எழுத்து முறையை மாற்றும் ஐகான்வ் ஆப்ஷனில் இந்தப் பக்கம் யூடிஎஃப்-8-மேக், அந்தப் பக்கம் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். உபுண்டுவில் ஏற்கெனவே விழுந்தவற்றுக்கு கான்வ்எம்வி என்ற பெயர் மாற்றும் நிரல் இருக்கிறது. சும்மா ஓட்டினால் என்ன செய்யும் என்று காட்டும், மாற்றாது. பார்த்துவிட்டு நிஜமாக ஓட்டுங்கள்.

பதில் 2 (தட்டோன்):
தம்பி சொன்னது சரி. ஆனால் கரண்டை அப்படி ஒதுக்கிவிட முடியாது. மேக்கின் சொந்த பேக்கப்பான டைம் மெஷினை வைத்து, பாதியில் கரண்ட் போய், பேக்கப்பையே புதிதாகத் தொடங்கச் சொன்னது எனக்கு இரண்டு முறை. ஆர்சிங்க் விட்ட இடத்திலிருந்து போகும். ரௌட்டரையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். நான் அதை மறந்துதான் இரண்டாவது முறை மாட்டிக்கொண்டேன். மியான்மர் யூனிகோடுக்கு மாறிய 2019 அக்டோபருக்கு முன், யூனிகோடோடு ஒத்துவராத ஸோஜி எழுத்துருவில் வைத்த பர்மியப் பெயர்கள் இருந்தால் அது வேறு தலைவலி, பிறகு பேசுவோம்.

கேள்வி கேட்டவர்:
ஓட்டிவிட்டேன். உள்ளே இருந்த படங்களின் பெயரெல்லாம் மாறின; ‘கோயில்’, ‘பொங்கல்’ ஃபோல்டர்களை மட்டும் மாற்ற மறுத்துவிட்டது, அந்தப் பெயர்களில் ஏற்கெனவே ஒவ்வொன்று இருக்கிறதாம். செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) வைத்து ஆர்சிங்கில் ஒப்பிட்டேன். மேக்கிலிருந்து வந்த ‘கோயில்’ ஃபோல்டரில் மட்டும் 14 படங்கள் கூடுதலாக இருந்தன, அத்தனையும் அம்மா பூக்குழியருகே நிற்பவை. அவற்றை மற்றதில் சேர்த்த பிறகுதான் மேக்கிலிருந்து வந்தவற்றை அழித்தேன். நன்றி தம்பி.